தைராய்டு மாத்திரையும் நாலு மணி கோப்பியும்

நான் மலேசியாவுல பகாவ்ங்கிற ஊர்ல ஒட்டுக்கடை போட்டிருக்கேன். தோசை, நாசி லெமாக், மீ கோரெங், அவ்வளவுதான், மத்தியானம் பன்னெண்டுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும். ஆனா செம்பனை ஆலையில காலை ஷிப்டுக்குப் போறவங்க ஆறு மணிக்கே பொட்டலம் கேட்டு வந்து நிப்பாங்க, அதனால எனக்கு நாலு மணிக்கு விடியணும். எந்திரிச்ச உடனே அடுப்புல தண்ணி, ஒரு பெரிய மக்கு கோப்பி, ரெண்டு கரண்டி சுசு, அதான் பால். அந்தக் கோப்பி உள்ள போனாத்தான் கை கால் அசையும். இதை ஏன் மொதல்ல சொல்றேன்னா நான் நாலு வருஷம் தைராய்டு மாத்திரை டோஸ் சரியில்ல டோஸ் சரியில்லன்னு அலைஞ்ச கதையில பாதி அந்த மக்குக்குள்ளதான் இருந்துச்சு, எனக்குத்தான் தெரியல.

2019ல ஆரம்பிச்சது. எனக்கு 41 வயசு. வெளிய 33 டிகிரி வெயில் கொளுத்துது, நான் மட்டும் காத்தாடியை நிப்பாட்டுங்கன்னு வீட்டுல சண்டை போடுறேன். முடி கொட்டுது, குரல் கரகரன்னு ஆகி போன்ல பேசுனா சப்ளையர் "ஹலோ அண்ணே"ங்கிறான். வெளிக்குப் போறது நாலு நாளைக்கு ஒருவாட்டி. 62 கிலோ இருந்தவ 69 ஆயிட்டேன், அதுவும் சாப்பாடு குறைச்சு. மாதவிலக்கு வந்தா பத்து நாளு, நிக்காது. எங்கம்மா அந்தக் காலத்துல ரப்பர் தோட்டத்துல பால் வெட்டுனவங்க, விடிய இருட்டுல பேர் கூப்பிடுற பெரட்டுக்குப் போயி நின்ன ஆளு, அவங்களுக்கு அசதின்னாலே நம்பிக்கை கிடையாது. "வயசாவுது, உக்காந்து உக்காந்து தூங்குறே, நடந்தா சரியாயிடும்"னாங்க. நானும் சாயங்காலம் ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் நடந்து பாத்தேன், திரும்பி வர்றப்ப வழியில பெஞ்சுல உக்காந்து தூங்கிட்டேன், அதான் நடந்துச்சு.

கிளினிக் கெசிஹாத்தான்ல, அதான் அரசாங்க கிளினிக்ல, ரத்தம் எடுத்தாங்க. டி.எஸ்.எச். 41ன்னு வந்துச்சு, சாதாரணமா 4க்குள்ள இருக்கணுமாம். ஃப்ரீ டி4, அதான் ரத்தத்துல இருக்கிற தைராய்டு ஹார்மோன், ரொம்பக் கீழ. அப்புறம் இன்னொரு டெஸ்ட் எடுத்து ஹாஷிமோட்டோன்னு சொன்னாங்க. கேட்டா மோட்டர் பிராண்டு மாதிரி இருக்கு, 1912ல இந்த நோயைப் பத்தி எழுதுன ஜப்பான் டாக்டர் பேராம். நம்ம உடம்போட எதிர்ப்புச் சக்தியே கழுத்துல இருக்கிற சுரப்பியைத் தின்னு தீர்க்குது, அது சுரக்க வேண்டியதை வெளிய இருந்து மாத்திரையா குடுக்கணும், அநேகமா ஆயுசுக்கும்.

டி.எஸ்.எச். என்னன்னு டாக்டர் சொன்னது எனக்குப் புரியல, வீட்டுக்கு வந்து எங்கம்மாகிட்ட சொல்றப்பதான் எனக்கே புரிஞ்சது. அது தோட்டத்துல வேலை வாங்குற மேஸ்திரி, மண்டோர் மாதிரி. சுரப்பி ஒழுங்கா வேலை செஞ்சா மண்டோர் மெதுவா பேசுவாரு. பால் குறைஞ்சா கத்துவாரு. சுரப்பி சோர சோர மூளையில இருந்து வர்ற சத்தம் கூடிக்கிட்டே போகும், அந்தச் சத்தத்தோட அளவுதான் டி.எஸ்.எச். அதனால நம்பர் ஏறுனா ஹார்மோன் பத்தலன்னு அர்த்தம், நம்பர் தரையோட தரையா கிடந்தா மாத்திரை அதிகம்னு அர்த்தம். ரொம்பப் பேரு இதைத் தலைகீழா புரிஞ்சிக்கிறாங்க, "என் தைராய்டு 9க்கு ஏறிப் போச்சு, மாத்திரையைக் குறைச்சிட்டேன்"னு என் கடையிலேயே ஒரு அம்மா சொன்னாங்க, நான் தோசைக் கரண்டியைப் போட்டுட்டு ஓடி வந்து விளக்குனேன்.

மொதல்ல லெவோதைராக்சின்ங்கிற மாத்திரை 50 மைக்ரோகிராம் குடுத்தாங்க. எனக்கு ஒரு வாரத்துல புது ஆளா ஆயிடுவேன்னு நெனப்பு. பத்து நாள்ல போயி "டாக்டர் ஒண்ணும் ஆகல"ன்னு நின்னேன். அவரு சிரிச்சிட்டு, இந்த மருந்து ரத்தத்துல பாதியா குறையவே ஏழு நாள் ஆகும், அப்படின்னா ஏறி ஒரு நிலைக்கு வர்றதுக்கு அஞ்சாறு வாரம் ஆகும், அதுக்கு முன்னாடி ரத்தம் எடுத்தா பொய்க் கணக்குதான் வரும்னாரு. ஆறு வாரம் கழிச்சு 22. அப்புறம் 75, டிசம்பர்ல 11. 2020 ஜனவரியில 100. உடம்புல சுரப்பே இல்லாத பெரியவங்களுக்கு கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம்னு ஒரு குத்துமதிப்பு இருக்காம், என் எடைக்கு 100, 110 அந்த மாதிரி வரும், அதனால இதோட சரியாயிடும்னு சொன்னாரு. எனக்கும் மலச்சிக்கல் சரியாச்சு, குரல் தெளிஞ்சது, காத்தாடிச் சண்டை நின்னுச்சு. அசதி மட்டும் போகல. மாவாட்டுற கிரைண்டர் மேல தலையைச் சாய்ச்சுத் தூங்குற அளவுக்கு அசதி.

மார்ச் 18 பி.கே.பி. வந்துச்சு, அதான் கொரோனா ஊரடங்கு, ரோட்டுல போலீஸ், கடை மூடியாச்சு, ரத்தம் எடுக்கிற தேதியைத் தள்ளி வச்சிட்டாங்க. மாத்திரை மட்டும் கெடச்சது. வீட்டுல சும்மா உக்காந்து போனைப் பாத்துப் பாத்து நானே டாக்டர் ஆயிட்டேன். என் நாத்தனாருக்கும் தைராய்டு, அவ வீட்டுல மாத்திரை மிச்சம் இருந்துச்சு. நம்பர் தெரியாட்டி என்ன, எனக்கு அசதி இருக்கு, அப்ப பத்தலன்னுதானே அர்த்தம்னு 150 போட்டேன். ரெண்டு வாரத்துல சுறுசுறுப்பா இருந்துச்சு, சத்தியமா சொல்றேன், வீட்டுச் சுவத்துக்கெல்லாம் சாயம் அடிச்சேன். சரி இன்னும் கொஞ்சம்னு 200.

ஜூன் மாசம் ஒரு ராத்திரி நெஞ்சு படபடன்னு அடிச்சு கட்டிலே ஆடுற மாதிரி இருந்துச்சு. கை நடுங்கி டம்ளரைப் பிடிக்க முடியல. வீட்டுக்காரரு காடியில தூக்கிப் போட்டுக்கிட்டு எமர்ஜென்சிக்கு ஓட்டுனாரு, ஈ.சி.ஜி. எடுத்தாங்க, துடிப்பு 130. டி.எஸ்.எச். 0.09. அங்க இருந்த டாக்டரம்மா என்னைத் திட்டல, அதுதான் எனக்கு இன்னும் வலிச்சது. இது தூக்கம் கெடுக்கிறதோட நிக்காது அக்கா, இப்படியே நாளைக்குப் போனா நெஞ்சுத் துடிப்பு தாளம் தப்பும், எலும்பு கரையும், மாதவிலக்கு நிக்கப் போற வயசுல எலும்பு ரொம்ப முக்கியம்னு பொறுமையா சொன்னாங்க. கொஞ்ச நாளைக்கு மாத்திரையே வேணாம், அப்புறம் பழையபடி 100ன்னாங்க. அந்த ரெண்டு வாரச் சுறுசுறுப்பு இருக்கே, அது உடம்பு நல்லா ஆனதுக்கு அடையாளம் இல்ல, கடனா வாங்குன தெம்புன்னு அப்பதான் தெரிஞ்சது. இன்னொருத்தர் மாத்திரையை எடுத்துப் போட்டதை இப்ப நெனச்சாலும் வெக்கமா இருக்கு, ஆனா மறைச்சா யாருக்கும் பிரயோசனம் இல்ல.

அதுக்கப்புறம் நம்பர் ஊஞ்சல் ஆட ஆரம்பிச்சது. 100ல 9.4. சரின்னு 125 ஆக்குனாங்க, 5.8. ஆறு மாசம் கழிச்சுப் பாத்தா அதே 125ல 12! எப்படி ஏறும்? நான் ஒரு நாளும் தவறவிட்டதில்ல. ஆனா போற எடத்துலல்லாம் அதே கேள்விதான், "ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" அந்தக் கேள்வியில ஒரு தொனி இருக்கும் பாருங்க, படிக்காத பொம்பள, மறந்திருப்பா, பொய் சொல்றான்னு. ஒரு பிரைவேட் கிளினிக்ல, எதுன்னு சொல்ல வேணாம், 80 மலேசிய வெள்ளி குடுத்து ரத்தம் பாத்து, நான் வாயத் தொறக்கிறதுக்குள்ள 150ன்னு எழுதிக் குடுத்து அடுத்த நம்பரைக் கூப்பிட்டாச்சு. மூணு நிமிஷம் இருக்குமா, இருக்காது.

திருப்பம் எங்க வந்துச்சுன்னா டாக்டர் ரூம்ல இல்ல, மாத்திரை வாங்குற கவுண்டர்ல. 2021 கடைசி. சின்ன மலாய்ப் பொண்ணு, பார்மசிஸ்ட்டு, என் புக்கைப் புரட்டிப் பாத்துட்டு டோஸ் இப்படி ஏறி இறங்குதேன்னு யோசிச்சிட்டு, "காக், உபாட் நி மாக்கான் மாச்சாம் மானா?"ன்னு கேட்டா. மத்தவங்க எல்லாம் சாப்பிடுறீங்களான்னு கேட்டாங்க, இவ எப்படிச் சாப்பிடுறீங்கன்னு கேட்டா. நானும் பெருமையா சொன்னேன், மறக்கவே மாட்டேன்மா, நாலு மணிக்கு எந்திரிச்சதும் கோப்பியோட போட்டுருவேன்னு. கோப்பியோடயான்னா. ஆமா கோப்பியோட. வேற மாத்திரை ஏதாவது உண்டான்னா. ரத்தம் கம்மின்னு இரும்பு மாத்திரை குடுத்தாங்க, எலும்புக்குக் கால்சியம் நானே வாங்குறேன், எல்லாத்தையும் மறக்காம இருக்கணும்னு ஒரே கையில வச்சு ஒரே மடக்குல முழுங்கிருவேன்னேன். அந்தப் பொண்ணு பேனாவைக் கீழ வச்சிட்டா.

விஷயம் இதுதான். இந்த மாத்திரை குடல்ல உறிஞ்சப்படுறதுக்கு வயிறு காலியா இருக்கணும், வெறும் தண்ணியோட போகணும், அதுக்கப்புறம் அரை மணியில இருந்து ஒரு மணி நேரம் வேற எதுவும் போகக்கூடாது. கோப்பி கூடப் போனா மாத்திரையில ஒரு பங்கு உடம்புல சேராமலே வெளிய போயிடும். இரும்பும் கால்சியமும் இன்னும் மோசம், அது மாத்திரையைக் கட்டிப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போயிடும், அதுக்கு நாலு மணி நேரம் இடைவெளி வேணும். சோயாவும் இடைஞ்சல் பண்ணும். வயித்துப் புண்ணுக்குப் போடுற ஒமெப்ரசோல் மாதிரி மாத்திரை அமிலத்தைக் குறைக்கும், அமிலம் குறைஞ்சா இது சரியா கரையாது. அப்பதான் என் 12க்கு விடை கெடச்சது. நம்பர் ஏறுன அதே சமயத்துலதான் இரும்பு மாத்திரை ஆரம்பிச்சேன். எந்த டாக்டர்கிட்டயும் நான் சொல்லல, அவங்களும் கேக்கல. புக்குல 125ன்னு எழுதியிருக்கு, ரத்தத்துக்குப் போனது எவ்வளவோ யாருக்குத் தெரியும்.

சரி கோப்பியை ஒரு மணி நேரம் தள்ளிக் குடிங்கன்னு சொன்னா. முயற்சி பண்ணேன். நாலு மணிக்கு எந்திரிச்சு அஞ்சு மணி வரைக்கும் கோப்பி இல்லாம சம்பல் கிண்டுறது எவ்வளவு கொடுமைன்னு ஒட்டுக்கடைக்காரங்களுக்குத்தான் தெரியும். மூணு நாள் தாக்குப் பிடிச்சேன், நாலாவது நாள் மாத்திரையையே மறந்துட்டு நேரா கோப்பிக்குப் போயிட்டேன். மறுபடி கவுண்டர்ல போயி நின்னேன். அப்ப ராத்திரி படுக்கப் போறப்ப போடுங்க, சாப்பிட்டு மூணு மணி நேரமாவது ஆகியிருக்கணும், அதுவும் நல்லாவே வேலை செய்யும், நோன்பு மாசத்துல எங்காளுங்க நெறையப் பேரு இப்படித்தான் மாத்திக்கிறாங்கன்னு சொன்னா. டாக்டரும் சரின்னாரு.

சொல்றது சுலபம். வீட்டுக்காரரு ஆலையில இருந்து ஏழு மணிக்கு வந்து குளிச்சு எட்டரைக்குச் சாப்பிடுற ஆளு, இருபது வருஷமா ஒண்ணா உக்காந்துதான் சாப்பாடு. நான் ஒம்போதே முக்காலுக்குப் படுக்கணும்னா ஆறரைக்கே சாப்பிட்டு முடிச்சிரணும். ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிட்டாரு. இப்ப அவரு சாப்பிடுறப்ப நான் ஒரு டம்ளர் பச்சத் தண்ணியோட எதிர்ல உக்காந்து கதை கேக்குறேன். பாசார் மாலாம், அதான் ராத்திரிச் சந்தை, போற அன்னிக்குத்தான் கஷ்டம், சூடா சோயா தண்ணி, ஆப்பம் பாலிக், ரெண்டும் கூப்பிடும். வாங்கி ஃபிரிட்ஜ்ல வச்சு மறுநாள் மத்தியானம் சாப்பிடுறேன், ருசி பாதிதான்.

இங்க ஒரு ஆபத்து இருக்கு, கவனிங்க. பழக்கத்தை மாத்துனப்ப நான் 150ல இருந்தேன். அந்த 150 கோப்பிக்கும் இரும்புக்கும் பங்கு போக மிச்சத்துக்குப் போட்ட கணக்கு. இப்ப முழுசா உள்ள போகுது. அந்தப் பொண்ணு முன்னாடியே எச்சரிச்சிருந்தா, எட்டு வாரத்துல கண்டிப்பா ரத்தம் எடுங்கன்னு. எடுத்தா 0.2. டோஸை 125க்கு இறக்குனாங்க, 0.6, அப்பவும் கொஞ்சம் படபடப்பு இருந்துச்சு, 100க்கு இறக்குனாங்க, 2.1. சுத்திச் சுத்தி 2020 ஜனவரியில போட்ட அதே 100க்கே வந்து நின்னேன். அதனால கோப்பிப் பழக்கத்தை மாத்தப் போறீங்கன்னா டாக்டர்கிட்ட சொல்லிட்டு மாத்துங்க, சொல்லாம மாத்துனா டோஸைக் கூட்டுன மாதிரிதான்.

2.1 வந்த அன்னிக்கு சாமிக்குத் தேங்கா உடைச்சேன். ஆனா ரெண்டு மாசம் கழிச்சும் கிரைண்டர்ல தலை சாயுது. இதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமான காலம், ஏன்னா அதுவரைக்கும் குத்தம் சொல்ல ஒரு நம்பர் இருந்துச்சு. இப்ப ரிப்போர்ட் நார்மல், நான் நார்மல் இல்ல. "எல்லாம் நல்லா இருக்கு, டென்ஷனைக் குறைங்க"ன்னு ஒருத்தர் சொன்னாரு. டென்ஷனா? கேஸ் விலை, முட்டை விலை, அதைச் சொல்றீங்களான்னு கேக்க வாய் வரைக்கும் வந்துச்சு.

அந்த நேரத்துல பெரிய ஆஸ்பத்திரி ஸ்பெஷலிஸ்ட்கிட்ட அனுப்பி வச்சாங்க, அஞ்சு வெள்ளி, அரை நாள் காத்திருப்பு, கடைக்கு ஒரு நாள் லீவு. நான் ஒரு பள்ளிக்கூட நோட்டுல எழுதிக்கிட்டுப் போனேன். எந்தத் தேதியில எந்த டோஸ், என்ன நம்பர், அப்ப உடம்பு எப்படி, புதுசா என்ன மருந்து சேந்துச்சு, மாதவிலக்கு எத்தனை நாள், இவ்வளவுதான், தமிழ்லதான் எழுதியிருந்தேன், நம்பரு எல்லாருக்கும் புரியும்ல. அந்த டாக்டர் நோட்டை வாங்கி அஞ்சு நிமிஷம் பாத்தாரு. பாத்துட்டு தைராய்டைப் பத்திப் பேசவே இல்ல. "இந்தப் பத்து நாள் ரத்தப்போக்கு எவ்வளவு வருஷமா?"ன்னாரு.

ஹீமோகுளோபின் 10.8. இரும்புச் சேமிப்பைக் காட்டுற ஃபெரிட்டின்னு ஒண்ணு எடுத்தாங்க, 8. அது ரொம்பக் கம்மி. சிவப்பணு சின்னதா இருக்குன்னு தலசீமியாங்கிற பரம்பரை ரத்த நோய் இருக்கான்னும் பாத்தாங்க, இல்ல, நம்ம நாட்டுல அது நெறைய இருக்கிறதால பாக்குறது நல்லதுன்னாங்க. அப்ப இரும்பு மாத்திரை என்ன ஆச்சுன்னு கேட்டாரு. நான் அசடு வழிஞ்சேன். தைராய்டு மாத்திரையில இருந்து பிரிச்சுப் போடணும்னு சொன்ன உடனே பெரிய தொல்லையா இருக்கேன்னு, அதோட மலச்சிக்கலும் ஆகுதுன்னு, அந்த இரும்பை மொத்தமா நிறுத்திட்டேன். ஒரு தப்பைத் திருத்தப் போயி இன்னொரு தப்பு. தைராய்டு குறைஞ்சாலும் அசதி, இரும்பு குறைஞ்சாலும் அசதி, முடி கொட்டுறதும் ரெண்டுக்கும் பொதுவு, உள்ள இருந்து பாக்குறப்ப எது எதுன்னு நமக்குத் தெரியாது. நான் அசதின்னாலே டோஸ்னு ஒரே தாளத்தைப் போட்டுக்கிட்டு இருந்திருக்கேன்.

இப்ப மத்தியானம் கடை மூடிட்டு ஒரு மணிக்கு இரும்பு மாத்திரை, கூட ஒரு கொய்யா. கோப்பி, தேத்தண்ணி அந்த நேரத்துக்குக் கிட்ட வரக்கூடாது, அது இரும்பையும் தடுக்கும். மூணாவது மாசம்தான் வித்தியாசம் தெரிஞ்சது. ஒருநாள் கடை எல்லாம் கழுவி முடிச்சிட்டு மணியைப் பாத்தா ரெண்டு, நான் இன்னும் நிக்கிறேன், உக்காரணும்னு தோணல. அதைத்தான் முதல் நாள்னு நோட்டுல எழுதி வச்சிருக்கேன். தூக்கத்தையும் டாக்டர் கேட்டாரு, குறட்டை விடுவீங்களா, தூக்கத்துல மூச்சு நிக்குதான்னு. வீட்டுக்காரரு சொன்ன பதிலை இங்க எழுத முடியாது. எடை அஞ்சு கிலோ குறைஞ்ச பிறகு குறட்டையும் குறைஞ்சிருச்சு, அதனால அந்த டெஸ்ட் தேவைப்படல. உங்களுக்கு விடிய எந்திரிக்கிறப்பவே தலைவலி, பகல்ல தூக்கம் சொக்குதுன்னா கேளுங்க, அதையும் பல பேரு தைராய்டுன்னே நெனச்சிக்கிட்டு இருக்காங்க.

டி3 மாத்திரையைப் பத்தியும் கேட்டேன், வாட்ஸாப்ல ஒருத்தங்க அதுதான் உண்மையான மருந்து, டாக்டருங்க மறைக்கிறாங்கன்னு எழுதியிருந்தாங்க. அவரு மறைக்கல, காயிதத்துல படம் போட்டுக் காட்டுனாரு. நாம போடுறது டி4, உடம்பு அதுல இருந்து தேவைக்கு ஏத்த மாதிரி டி3 ஆக்கிக்கும். டி3யை நேரா போட்டா சீக்கிரம் ஏறி சீக்கிரம் இறங்கும், நெஞ்சு படபடப்பு வரும், அதுல எனக்கு ஏற்கனவே அனுபவம் இருக்கே. மத்த காரணம் எல்லாம் பாத்து முடிச்சு, டி.எஸ்.எச். நல்லா நின்னும் முடியாத கொஞ்சம் பேருக்கு ஸ்பெஷலிஸ்ட் கண்காணிப்புல ரெண்டையும் சேத்துக் குடுத்துப் பாக்குறது உண்டு, ஆராய்ச்சியில எல்லாருக்கும் நல்லதுன்னு நிரூபணம் ஆகல, உங்களுக்கு மொதல்ல இரும்பை நிரப்புவோம்னாரு. எனக்கு நியாயமா பட்டுச்சு. வேற யாருக்காவது அது சரிப்பட்டிருக்கலாம், நான் குறை சொல்ல மாட்டேன்.

நாத்தனார் கதை ஒண்ணு. அவளுக்குப் போன வருஷம் திடீர்னு டி.எஸ்.எச். 0.1, டி4 அதிகம்னு வந்து டோஸைக் குறைக்கப் போனாங்க. ஆனா அவளுக்கு நெஞ்சு படபடப்பு எதுவும் கிடையாது, மந்தமாத்தான் இருந்தா. விசாரிச்சா முடி வளர யாரோ வித்த பயோட்டின்ங்கிற வைட்டமின் மாத்திரையை தெனமும் முழுங்கியிருக்கா. சில லேப் மெஷின்ல அந்த பயோட்டின் கணக்கையே குழப்பிடுமாம், உடம்புல ஒண்ணும் ஆகாது, ரிப்போர்ட் மட்டும் பொய் சொல்லும். ஒரு வாரம் நிறுத்திட்டு எடுத்தா பழைய நம்பர். பக்கத்து வீட்டு சீன அம்மா பாசத்துல எனக்குக் கடல்பாசி சூப்பு கொண்டு வந்து குடுப்பாங்க, தைராய்டுக்கு நல்லதுன்னு. ஒரு நாள் குடிக்கலாம், ஆனா ஹாஷிமோட்டோகாரங்களுக்கு அயோடின் அளவுக்கு மீறிப் போனா இன்னும் மோசமாகும்னு டாக்டர் சொன்னதால நான் வீட்டுக்காரருக்கு ஊத்திருவேன்.

அப்புறம் மாத்திரையை எங்க வைக்கிறீங்கன்னு பாருங்க. நான் அடுப்புக்கு மேல பலகையில மைலோ டின்னுக்குள்ள வச்சிருந்தேன், அட்டையில இருந்து உதுத்து. சூடும் ஈரமும் இதோட வீரியத்தைக் கெடுக்கும். இப்ப படுக்கை ரூம்ல, அட்டையோட, போடுற நேரத்துலதான் உடைக்கிறது. ரத்தம் எடுக்கிறது எப்பவும் காலையில, அதே கிளினிக்ல. காலையில மாத்திரை போடுறவங்க அன்னிக்கு ரத்தம் குடுத்துட்டுப் போடுங்க, போட்டுட்டுப் போனா டி4 கொஞ்ச நேரத்துக்குத் தூக்கிக் காட்டும். கல்யாணமான பொண்ணுங்க, இந்த மாத்திரையில இருக்கிறவங்க, நாள் தள்ளிப் போன உடனே கிளினிக்குக் கூப்பிட்டுச் சொல்லிருங்க, வயித்துப் புள்ளைக்காக டோஸ் சீக்கிரமே கூட்ட வேண்டியிருக்கும், அடுத்த அப்பாயின்மென்ட் வரட்டும்னு உக்காந்திருக்காதீங்க.

என் டோஸ் இப்ப எங்க நிக்குதுன்னா, 2023 நடுவுல 100லேயே டி.எஸ்.எச். 3.9க்கு வந்துச்சு, நார்மல்தான், ஆனா குளிரும் மலச்சிக்கலும் எட்டிப் பாத்துச்சு. நோட்டைக் காட்டுனேன், இரும்பு நல்லா இருக்கு, பழக்கம் மாறல, இந்த அறிகுறி நம்பர் ஏறுறப்ப மட்டும்தான் வருதுன்னு. டாக்டர் ஒத்துக்கிட்டாரு. தெனமும் 125 போட்டா எனக்கு அதிகம்னு ஏற்கனவே தெரியும், அதனால அஞ்சு நாளைக்கு 100, சனி ஞாயிறு 125, வாரத்துக்கு மொத்தம் 750. மருந்து மெதுவா கரையிறதால வாரக் கணக்குல பிரிச்சாலும் ரத்தத்துல ஏறத்தாழ சமமா நிக்குமாம். எட்டு வாரத்துல 1.6. அதுக்கப்புறம் ஆட்டம் இல்ல. முன்னாடி "முடியல டாக்டர்"னு மட்டும் சொன்னப்ப யாரும் அசைஞ்சதில்ல, நோட்டு பேசுனப்ப அசைஞ்சாங்க.

போன மாசம் எங்க சின்னம்மாவுக்கும் தைராய்டு குறைவுன்னு வந்துருச்சு. 71 வயசு, நெஞ்சுல ஏற்கனவே ஸ்டென்ட் வச்சவங்க, அதனால 25லதான் ஆரம்பிச்சிருக்காங்க. "உனக்கு 100, எனக்கு 25ஆ, வயசானவன்னு ஏமாத்துறாங்களா"ன்னு ஒரே புலம்பல். நெஞ்சு தாங்கணும்ல சின்னம்மா, மெதுவாத்தான் ஏத்துவாங்கன்னு சொல்லிட்டு, எப்படிச் சாப்பிடுறீங்கன்னு கேட்டேன். காலையில, கோப்பி ஓவோட, அதான் பால் இல்லாத கோப்பி, ரெண்டு பிஸ்கட் தொட்டுக்கிட்டு. ராத்திரிக்கு மாத்திக்கலாமான்னு டாக்டரைக் கேளுங்கன்னேன். ராத்திரியும் ஒரு கோப்பி உண்டும்மா எனக்குன்னாங்க. அடுத்த வாரம் அவங்க அப்பாயின்மென்டுக்கு நான்தான் காடி ஓட்டிக்கிட்டுப் போறேன், ஒரு புது நோட்டு வாங்கி வச்சிருக்கேன், மொதல் பக்கத்துல இந்த ரெண்டு கோப்பியையும் எழுதியாச்சு.